மூன்று பேருக்கு ஒரு நாவல்

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விட்ட அதே பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் இப்போது எனக்கு மேடையில் நாற்காலி போடுகிறார்கள். சும்மா போடவில்லை. ஓசூரில் சிப்காட் பக்கம் மதியம் சைரன் ஊதினால் எத்தனையோ கம்பெனிகளில் என் சமையல்கூடத்துச் சோற்றுக்குத்தான் தட்டை நீட்டுகிறார்கள். சாம்பாரில் உப்பு குறைந்தது என்று இதுவரை ஒரு மேனேஜர் எனக்குப் போன் செய்ததில்லை. என்னிடம் வேலை செய்யும் பெண்கள் எல்லாரும் என்னைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், என்னைவிட வயதில் மூத்தவர்களும்கூட.

இந்த வருடம் விழா மலருக்கு, எனக்குப் பிடித்த புத்தகங்களைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். நீங்கள் வாயால் சொன்னால் போதும், எங்கள் தமிழாசிரியர் எழுதிக்கொள்வார் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் என்பது இவ்வளவாகிவிட்டது. நீளம் என்று தோன்றினால் வெட்டிக்கொள்ளட்டும். புத்தகத்தை வெட்டுவது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை.

புத்தகங்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே கிடையாது. அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களில் பாதிப்பேர் பரீட்சைக்குப் படித்தவர்கள். நான் யாரும் கேட்காமல் படித்தவள். ஒரே ஒரு சங்கடம். எனக்குப் பிடித்த புத்தகங்களின் பெயர் பாதிக்கு மேல் எனக்குத் தெரியாது. எழுதியவர் யார் என்றும் தெரியாது. ஏனென்றால் பெயர் அட்டையில் இருக்கும்; அட்டை முதல் பாகத்தோடு போய்விடும்; முதல் பாகம் எப்போதும் வேறு யாரிடமாவது இருக்கும்.

விளங்கச் சொல்கிறேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். சிப்காட்டுக்குப் பின்னால், ஒரே கூரையைத் துண்டு போட்டு வாடகைக்கு விட்ட லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா இரும்பு வார்க்கும் கம்பெனியில். அம்மா பொட்டலம் கட்டும் கம்பெனியில், முதல் ஷிஃப்ட். நான் எழுவதற்குள் வேன் வந்து ஏற்றிப் போய்விடும். இருவரும் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மாவின் தங்கையும் எங்களோடு இருந்தாள். சித்தி துணி தைக்கும் கம்பெனியில் காலையில் போய் இருட்டும்போது வருவாள். எதிர்வீட்டு அத்தை இந்த மண்ணிலேயே பிறந்தவர், வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரர். ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுவார். விடியும் முன் போய் மூன்று மணிக்குத் திரும்புவார். இந்த மூன்று பெண்களுக்கும் கதை என்றால் உயிர். மூன்று பேரும் ஒன்றாக உட்கார ஞாயிற்றுக்கிழமையை விட்டால் நேரம் கிடையாது.

அதனால் மாதம் ஒரு நாவல் வாங்குவார்கள். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கொடி கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, சாணித் தாளில் அச்சடித்த கையடக்கப் புத்தகம், அது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அதை முதுகில் அறுத்து மூன்றாக்குவார். கம்பெனியில் இரும்பு அறுத்து முறிந்துபோன ஆக்ஸா பிளேடைத் தீட்டி, ஒரு முனையில் துணி சுற்றி, அதற்கென்றே வைத்திருந்தார். அப்பா எந்தக் கதையையும் படித்ததில்லை. இலக்கியத்துக்கு அவர் செய்தது இது ஒன்றுதான். பிறகு சித்தி ஒவ்வொரு பாகத்தையும் ஓரத்தில் நூல் போட்டுத் தைப்பாள். கம்பெனியில் மிஞ்சிய நூல். நீலச் சட்டை தைத்த மாதம் என்றால் நீல நூல், பள்ளிச் சீருடை தைத்த மாதம் என்றால் பழுப்பு.

மூன்றாக்கியதற்கு நேரம் மட்டும் காரணம் இல்லை. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்ப்பான். முழுப் புத்தகம் இருந்தால் பிடுங்கிவைப்பான். மெல்லிய பாகத்தை மடித்து டிபன் பாக்ஸ் சுற்றிய துண்டுக்குள் வைத்துவிட்டால் தெரியாது. வேனில், சாப்பாட்டு நேரத்தில், அத்தை என்றால் ரோஜாக் கொட்டகைக்குள் கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றபடி, படித்துவிடுவார்கள். முடித்ததும் பாகங்களை வீடு மாற்றி வைப்பது நான். யாரும் தன் கையில் உள்ள பாகத்தைப் பற்றி ஞாயிறு வரை மூச்சு விடக்கூடாது என்பது சட்டம்.

சித்தி மட்டும் எப்போதும் கடைசிப் பாகத்திலிருந்து தொடங்குவாள். கேட்டு வாங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் முதல் பாகம், நடுப் பாகம். துப்பறியும் கதை என்றாலும் அப்படித்தான். கொலைகாரன் யார் என்பது தெரிந்து, அதைச் சொல்ல முடியாமல், அந்த வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பாள். ஏன் இப்படிப் படிக்கிறாய் என்று கேட்டால், முடிவு தெரிந்தவளுக்கு அவசரம் கிடையாது, ஒவ்வொரு வரியிலும் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்பாள். நானும் இன்றுவரை அப்படித்தான் படிக்கிறேன். இப்போது கண்ணாடி போட்ட அலமாரி நிறையப் புத்தகம் வாங்கிவைத்திருக்கிறேன், எல்லாம் முழுசு. எதை எடுத்தாலும் கடைசிப் பத்துப் பக்கத்தை முதலில் படிப்பேன். படித்தவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். முடிவு தெரிந்தும் மறுபடி முதலிலிருந்து படிக்க வைக்கிறதா, அதுதான் என் கணக்கில் நல்ல புத்தகம்.

ஞாயிறு காலை தண்ணீர்த் தொட்டியடியில் துணி துவைத்துக்கொண்டே அந்த மாதக் கதையை விசாரணைக்கு எடுப்பார்கள். அங்கே நான் கேட்ட விமரிசனத்தை எந்தப் பத்திரிகையிலும் பிறகு படிக்கவில்லை. அம்மாவுக்குச் சமையல்தான் அளவுகோல். ஐம்பது பக்கமாக ஒரு வீட்டில் ஒருவருக்கும் பசிக்கவில்லை என்றால் அது வீடே இல்லை என்று தள்ளிவிடுவாள். சித்திக்குக் கதாநாயகர்கள் மேல் கோபம். எப்போது பார்த்தாலும் காரில் போய்க்கொண்டே இருக்கிறானே, இவனுக்கு எந்தக் கம்பெனியில் இவ்வளவு லீவு கொடுக்கிறார்கள் என்பாள். எதிர்வீட்டு அத்தை பூவைப் பற்றி வரும் இடங்களை மட்டும் விடமாட்டார். "ரோஜா ரோஜான்னு இத்தினி பேர் எழுதறாங்கோ. ஒருத்தனாவது அதும் முள்ளு குத்தினா சீழ் வெக்கும்னு எழுதனானா பாரு" என்று தன் விரல்களை விரித்துக் காட்டுவார்.

லாரி டிரைவரின் மனைவி ஒருத்தி, ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு ஓரகத்திகள் ஒரே தையல் மெஷினுக்குச் சண்டை போடுகிற கதையும் பிடிக்கும். அதன் நடுப் பாகம் மழையில் நனைந்து போனதால் சண்டை எப்படித் தீர்ந்தது என்று மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். எழுதியவர் சொன்னது அந்த மூன்றைவிட நன்றாக இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். ஆனால் எனக்குப் பிடித்த புத்தகங்களில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், அட்டையே இல்லாமல் வந்த ஒரு கதைக்குத்தான்.

அதைச் சித்தி பழைய பேப்பர் கடையிலிருந்து எடுத்து வந்தாள். பஸ் ஸ்டாண்டுக் கடைப் புத்தகம் அந்த மாதம் வேண்டாம், இதையே படிக்கலாம் என்றாள். அவள் அதை ஏற்கெனவே முழுசாகப் படித்திருந்தாள். மொட்டை மாடியில் துணிக் கொடிக்குக் கீழே உட்கார்ந்து படித்ததை நான் பார்த்தேன். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அப்பா வழக்கம்போல அறுத்துக் கொடுத்ததும் அவளே ஒரு புதுச் சட்டம் போட்டாள். இந்த முறை அக்கா முதலில் முதல் பாகம், அப்புறம் நடு, அப்புறம் கடைசி என்று வரிசையாகப் படிக்க வேண்டும், அக்கா ஒரு பாகத்தை முடித்த பிறகுதான் அத்தைக்கு என்றாள். அப்படியானால் உனக்கு என்று அத்தை கேட்டார். தனக்கு அவசரம் இல்லை என்றாள்.

கதை இதுதான். தபால்காரர் ஒருவரின் மகள், திருவிழாக்களுக்கு மைக் செட் கட்ட வரும் ஒருவனை விரும்புகிறாள். அவன் வேறு சாதி. வீட்டில் தெரிந்து அவளை நெல் மூட்டை போடும் அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். மாமன் மகனுக்கு நாள் குறிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய விடியற்காலையில் அவளுடைய அண்ணி, அதாவது அண்ணன் மனைவி, சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிடுகிறாள். பெண்ணின் செருப்பை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்பதால் தன் செருப்பைக் கழற்றிக் கொடுக்கிறாள். அவள் போன பிறகு அண்ணி வாசல்படியில் வெறுங்காலோடு உட்கார்ந்து, வீடு விழிப்பதற்காகக் காத்திருக்கிறாள். அதோடு கதை முடிகிறது.

இதைவிட நல்ல முடிவை நான் படித்ததில்லை. அந்தப் பெண்ணின் பின்னால் ஓடாமல் அண்ணியோடு உட்கார்ந்துவிட்டாரே, அந்த எழுத்தாளர் யாராக இருந்தாலும் அவருக்கு என் சமையல்கூடத்தில் ஆயுள் முழுக்க இலவசச் சாப்பாடு. இத்தனை வருடமாகத் தேடுகிறேன். பெயர் தெரியாத புத்தகத்தை எந்தக் கடையில் என்னவென்று கேட்பது.

அம்மா கடைசிப் பாகத்தை முடித்ததற்கு அடுத்த ஞாயிறு தொட்டியடியில் வழக்கத்துக்கு மாறாகச் சித்தி வாயே திறக்கவில்லை. ஒரே பாவாடையைத் திரும்பத் திரும்ப அலசிக்கொண்டிருந்தாள். அம்மாதான் பேசினாள். அப்பன்காரனைத் திட்டினாள், அண்ணன்காரனைத் திட்டினாள், படித்த இடத்திலேயே அழுதுவிட்டதாகவும், லைன் சூப்பர்வைசர் தலைவலியா என்று கேட்டதாகவும் சொன்னாள். பிறகு சோப்பை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த அண்ணிதான் மனுசி. நானா இருந்தா செருப்போட விட்டிருப்பேனா? பஸ்ஸு வரைக்கும் கூடப் போயி ஏத்திவிட்டுத்தான் வந்திருப்பேன்."

எதிர்வீட்டு அத்தை தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "போனவ போய்ட்டா. தெறந்து வுட்டவ கதி இன்னா? அத்த எழுதாமயே வுட்டுட்டான் பாரு."

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல காரியம் செய்தவளுக்கு என்ன வந்துவிடும் என்று கையை உதறினாள். சித்தி பாவாடையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த சிரிப்பு, கொலைகாரன் யாரென்று தெரிந்த வாரங்களில் இருக்குமே, அந்தச் சிரிப்பு.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா கறி வாங்கப் போயிருந்தார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். சித்தி அம்மாவின் தலையில் பேன் பார்த்துக்கொண்டே, அன்றைக்கு என்ன சாப்பிட்டோம் என்று சொல்வதைப்போல, சொன்னாள். அவளுடைய கம்பெனியில் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர், அத்திப்பள்ளிக்காரர், கன்னடக்காரர். "நம்ம பாஷ இல்லக்கா. நம்ம ஆளுகளும் இல்ல. ஆனா நல்ல மனுசன். நீ ஒரு வார்த்த சரின்னா போதும்."

அம்மா தலையை இழுத்துக்கொண்டாள். சீப்பு சித்தியின் கையிலேயே நின்றது. நான் அடுத்த பூண்டுக்குப் போய்விட்டேன். பிறகு சித்தி மெதுவாக, தொட்டியடியில் நீ சொன்னாயே அக்கா என்றாள்.

"அந்தப் பொண்ணுக்கு நானாடி ஊருல பதில் சொல்லணும்? ஒனக்கு நாந்தான சொல்லணும்" என்றாள் அம்மா.

அதற்கு மேல் குரல் உயரவில்லை. அம்மா எழுந்து வெங்காயம் நறுக்கினாள். அப்பா கறியோடு வந்தார். எல்லாரும் சாப்பிட்டோம். அப்பாவிடம் அம்மா ஏதோ சொன்னாள். உங்கள் வீட்டு விஷயம், உன் அண்ணனையே கேட்டுக்கொள் என்று அவர் கைகழுவப் போய்விட்டார்.

சித்தியை ஓசூருக்குக் கூட்டிவரும்போது அம்மா தன் அண்ணனிடம், அதாவது என் மாமாவிடம், ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கழுத்துக்கும் காதுக்கும் அவளே சம்பாதித்துக்கொள்ளட்டும், எப்படிக் கூட்டிப் போகிறேனோ அப்படியே கொண்டுவந்து விடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் ஓசூருக்குப் பெண்ணை வேலைக்கு அனுப்புவதென்றால் கடலுக்கு அனுப்புவது மாதிரி. அம்மாவை நம்பித்தான் அனுப்பினார்கள். அம்மாவுக்கும் அதில் பெருமை. அந்தப் பெருமை எங்கள் வீட்டுப் பெண்களின் ரத்தத்திலேயே ஓடுகிறது, நான் யாரைக் குறை சொல்ல.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் வந்தாலும் வேனை விடாதவள், என்னை எழுப்பி வேன்காரரிடம் அனுப்பி உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னாள். சித்தியையும் போகவேண்டாம் என்றாள். பிறகு மளிகைக் கடையில் தொங்கிய ஒரு ரூபாய் போனுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது அப்பாவை வாசலில் உட்காரவைத்துவிட்டுத்தான் போனாள். போனில் மாமாவிடம் உடனே புறப்பட்டு வா என்று மட்டும் சொன்னாள். என்ன ஏது என்று மாமா கேட்டிருக்க வேண்டும். வா, வந்து பேசிக்கலாம் என்று வைத்துவிட்டாள். காசு மிச்சம் இருந்தது. எனக்குத் தேன்மிட்டாய் வாங்கித் தந்தாள்.

மாமா வரும்வரை அம்மா கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவைப் பூட்டவில்லை. திறந்தே கிடந்தது. அவள் வாசல் நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பருப்பு புடைத்தாள், அரிசியில் கல் பொறுக்கினாள், ஒன்றும் இல்லாதபோது சும்மா உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வந்தது என்று தெருவே குடத்தோடு ஓடியபோதும் எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டு அத்தைதான் எங்கள் குடங்களையும் நிரப்பிக் கொடுத்தார். உள்ளே சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஓடுகிறவள் என்றால் ஓடியிருக்கலாம். அவள் அம்மா எழுந்து போவதற்காகக் காத்திருந்தாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒரு குடம் தண்ணீர் பிடித்துவரும் நேரம் போதும். அந்த நேரத்தை அம்மாவாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். அம்மா கொடுக்கவில்லை.

எனக்கோ அந்த நாட்கள் பண்டிகை மாதிரி இருந்தன. வாரநாள் காலையில் அம்மா வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடம் கிளம்பும்போதே சூடாகத் தோசை கிடைத்தது. மாமா வேறு வந்துவிட்டார், காராச்சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கிக்கொண்டு. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அப்பாவோடு மழையைப் பற்றியும் பருத்தி விலையைப் பற்றியும் பேசினார். சித்தியிடம், ஊரில் அம்மன் கோயில் பொங்கல் வருகிறது, ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்றார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கும் அதையே சொன்னார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். என்னையும் கூட்டிப் போகச் சொல்லி நான் அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் போனோம். மாமா எங்களுக்கு ஓட்டலில் புரோட்டா வாங்கித் தந்தார். சித்தி தன்னுடையதைப் பிய்த்துப் பிய்த்து என் இலையில் வைத்தாள். மதுரை பஸ் வந்ததும் அம்மா முதலில் ஏறி ஜன்னலோரத்தில் துண்டு போட்டுச் சித்தியை உட்காரவைத்து, பையை அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். சித்தி அம்மாவைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அப்பாகிட்ட சொல்லிரு. இனிமே ரெண்டா அறுத்தாப் போதும்."

எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. மூன்று தடவை வீடு மாறி ஓட வேண்டியதில்லை, இரண்டு தடவை போதும். சரி என்று தலையாட்டினேன். பஸ் கிளம்பி, கிருஷ்ணகிரி ரோட்டில் திரும்பும்வரை கையாட்டினேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடி இறுகியது. வலிக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் விட்டாள்.

நாலைந்து நாள் கழித்து எங்கள் தெருமுனையில் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் குத்தியிருந்தது. என்னைப் பார்த்ததும், நீ அவங்க அக்கா மகள்தானே என்று தட்டுத் தடுமாறித் தமிழில் கேட்டார். சித்தி ஏன் வேலைக்கு வருவதில்லை என்றார். நான் கன்னடத்திலேயே பதில் சொன்னேன். எங்கள் தெருப் பிள்ளைகளில் என் அளவுக்குக் கன்னடம் பேச ஆள் கிடையாது; அவர் அசந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். கோயில் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறாள், பொங்கல் முடிந்ததும் வந்துவிடுவாள் என்று சரளமாக எடுத்துவிட்டேன். அவர் என் கன்னடத்தைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எப்போது முடியும் என்று கேட்டார். சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். பிறகும் இரண்டு மூன்று தடவை அவர் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்தேன். அப்புறம் இல்லை.

சித்திக்கு அந்த ஆவணியிலேயே கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அரிசி மண்டி வைத்திருப்பவர், குறை சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகள். ஓசூருக்கு ஒருநாளும் வரவில்லை. நான் தொழில் தொடங்கி, காரில் போகிற நிலைக்கு வந்த பிறகு ஒருமுறை அவள் வீட்டுக்குப் போனேன், கை நிறையப் புத்தகம் வாங்கிக்கொண்டு. முதலிலிருந்து படிக்கிறாயா, பின்னாலிருந்தா என்று கேட்டேன். இப்போதெல்லாம் படிப்பதில்லை, கண் வலிக்கிறது என்றாள். பிள்ளைகளுக்கு ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். பரண் மேல் வைத்ததை நான் பார்த்தேன். அம்மாவின் சாவுக்கு மட்டும் வந்தாள். அதுவும் ஊரில்தான் நடந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து, அம்மாவின் தலைமுடியை விரலால் கோதிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

இதெல்லாம் பின்னால். அந்த மாதத்துக்கு வருகிறேன். சித்தி போன பிறகும் அடுத்த மாத நாவல் வந்தது. அம்மா வாங்கவில்லை, எதிர்வீட்டு அத்தை வாங்கிவந்து கொடுத்தார். மனசு மாறும், படி என்றார். அப்பா பிளேடை எடுத்து அளவு பார்த்தபோது நான் முந்திக்கொண்டு, சித்தி ரெண்டா அறுத்தால் போதும் என்று சொல்லச் சொன்னாள் என்றேன். சொல்ல வேண்டியதைச் சரியாக நினைவு வைத்துச் சொன்னதில் எனக்கு ஒரே பெருமை. அப்பா அம்மாவைப் பார்த்தார். அப்பா இரண்டாக அறுத்தார். தைக்க ஆள் இல்லாததால் ஓரத்தைச் சணல் கயிற்றால் கட்டினார்.

முன்பாதி அம்மாவுக்கு, பின்பாதி அத்தைக்கு என்று நான்தான் பிரித்துக் கொடுத்தேன். ஞாயிறு வந்தது. தொட்டியடியில் அத்தை தன் துணியைத் துவைத்தார், அம்மா எங்கள் துணியைத் துவைத்தாள். கதை விசாரணைக்கு வரவில்லை. மத்தியானம் நான் விளையாடிவிட்டு வந்தபோது அம்மா கதவுப் பக்கத்தில், அதே வாசல் நிலையில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். முன்பாதி அவள் மடியில் விரிந்து கிடந்தது. அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வராமல், மூக்கைச் சிந்தக்கூட இல்லாமல்.

கதை படித்து அம்மா அழுவது எனக்குப் புதிதல்ல. பழையபடி ஆகிவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தப் பொண்ணு செத்துட்டாளாம்மா என்று கேட்டேன்.

"இல்லடி. இருக்கா. நல்லாத்தான் இருக்கா" என்றாள் அம்மா.

நல்லாத்தான் இருக்கிறாள் என்றால் அதற்கு எதற்கு அழ வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை பின்னால் நடக்கப்போவதை நினைத்துப் பயந்து அழுகிறாளோ என்று தோன்றியது. பின்பாதி எதிர்வீட்டில் இருக்கிறது. அத்தை படித்து முடித்திருப்பார். கடைசியில் என்ன ஆகிறது என்று ஓடிப்போய்க் கேட்டு வரட்டுமா என்றேன்.

வேண்டாம் என்றாள்.